ஒட்டகம் கடித்த சாட்சி

மதீனாவில் என்னைப் பொய்யன் என்று யாரும் சொன்னதில்லை. "ஜுன்துப் கொஞ்சம் நீட்டிச் சொல்வான்" என்பார்கள், அவ்வளவுதான். நான் நீட்டியதும் கிடையாது. நடந்ததை நடந்தபடி சொல்வேன். நடந்தது கொஞ்சம் நீளமாக இருந்தால் அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

என் ஒட்டகம் தஹ்மாவின் நிழலையே எடுத்துக்கொள்ளுங்கள். மழை பெய்யாத அந்த வருடம் குபா பாதையில் மரமெல்லாம் மொட்டையாகிவிட்டது. ஊரில் நிழல் என்று மிச்சமிருந்தது தஹ்மாவுடையது மட்டும்தான். பகலில் ஏழெட்டுப் பேர் அதில் வந்து ஒண்டுவார்கள். ஒரே நிழலை எத்தனை பேர் புழங்குவது? இரண்டே மாதத்தில் முழங்கால் பக்கம் கிழிந்துவிட்டது. அப்புறம் திமில் பக்கம் ஓட்டை விழுந்தது. அடுத்த மழை வரைக்கும் அது நிழலே இல்லாமல்தான் நடந்தது. பார்த்தவர்கள் இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவருக்கு இப்போது கண் தெரியாது. இன்னொருவர் யமனுக்குப் போய்விட்டார்.

இப்படிப்பட்ட என்னைத் தேடித்தான் கூஃபாவிலிருந்து ஸிமாக் வந்தார்.

நாற்பது வயது இருக்கும். மெலிந்த ஆள். சிரிப்பை எங்கோ வழியில் இறக்கி வைத்துவிட்டு வந்தவர் போல ஒரு முகம். நபியைக் கண்ட முதல் தலைமுறை மக்கள் சொன்னதையும் செய்ததையும் சேகரிப்பதே அவர் வேலை. ஒரு சேதிக்காக ஒரு மாதம் நடப்பார். கிடைத்ததும் சந்தோஷப்படமாட்டார். இதைச் சொன்னது யார், அவருக்குச் சொன்னது யார், அந்த ஆள் கடைத்தெருவில் எப்படி, அண்டை வீட்டில் எப்படி என்று கண்ணி கண்ணியாக இழுத்துப் பார்ப்பார். ஒரு கண்ணி துருப்பிடித்திருந்தால் போதும், முழுச் சங்கிலியையும் கீழே போட்டுவிட்டு அடுத்த ஊருக்கு நடந்துவிடுவார்.

நான் தட்டில் வைத்த பேரீச்சம்பழத்தை அவர் தொடவில்லை. தன் பையிலிருந்து காய்ந்த ரொட்டியை எடுத்துக் கடித்தார்.

"ஏன் தம்பி, எங்க ஊர்ப் பழம் பிடிக்காதா?"

"சாட்சி சொல்றவர் வீட்டுல சாப்பிட்டா மனசு அவர் பக்கம் சாஞ்சிரும், பெரியவரே."

"தண்ணி?"

கொஞ்சம் யோசித்தார். "கிணறு யாருது?"

"ஊர்க் கிணறு."

"அப்ப குடிக்கலாம்."

குடித்துவிட்டு விஷயத்துக்கு வந்தார். அறுபது வருடத்துக்கு முன்னால் ஷாம், அதாவது சிரியா எல்லையில் நடந்த போரில், காயம்பட்டவர்களின் கூடாரத்தில் நான்கு பெண்கள் வேலை செய்தார்களாம். மூன்று பேரின் பெயர், தகப்பன் பெயர், குலம் எல்லாம் கிடைத்துவிட்டது.

"அவங்க மூணு பேருக்கும் பேரன் பேத்தி இருக்காங்க, சொல்லிட்டாங்க. நாலாவதா ஒரு பொம்பளை இருந்துச்சுங்கிறாங்க. யாருன்னு யாருக்கும் தெரியல. அந்தக் கூடாரத்துல கிடந்தவங்கள்ல இப்ப உயிரோட இருக்கிறது நீங்க ஒருத்தர்தான்."

"உனைஸா" என்றேன்.

அறுபது வருடமாக யாராவது கேட்க வேண்டும் என்று வாயில் வைத்திருந்த பெயர். கேட்ட மாத்திரத்தில் விழுந்துவிட்டது.

ஸிமாக் எழுதுகிற ஆட்டுத்தோலை விரித்து, நாணல் பேனாவை எடுத்தார். மையில் தோய்த்தார். பிறகு எழுதாமல் அப்படியே பிடித்துக்கொண்டார். "முதல்ல உங்களைப் பத்தி நாலு பேர்கிட்ட விசாரிக்கணும். தப்பா நெனச்சுக்காதீங்க, இதுதான் முறை."

விசாரிக்கப் போன இடம் பக்கத்து வீடு. கப்ஷாவின் வீடு. அவள் சொன்னால் எங்கள் தெருவில் அதற்கு மேல் பேச்சு கிடையாது. ஆட்டுத் தகராறானாலும் சம்பந்தம் பேசுவதானாலும் அவளைக் கூப்பிட்டுக் கேட்பார்கள். தனிக்கட்டையான எனக்குத் தினமும் காலையில் ஒரு கிண்ணம் வாற்கோதுமைக் கஞ்சி அனுப்புகிறவளும் அவள்தான். அதில் உப்பு சற்றுக் கூடுதலாக இருக்கும். சற்று என்றால், கடல் தன்னிடம் குறைந்துபோனதென்று கேட்டு வரும் அளவுக்கு.

ஸிமாக் திரும்பி வந்தார். பின்னாலேயே கப்ஷாவும் வந்தாள்.

"நிழல் கிழிஞ்சுதா?" என்று கேட்டார்.

"முழங்கால் பக்கம்" என்றேன்.

அவர் தோலைச் சுருட்டத் தொடங்கினார்.

"அண்ணே, நீ வாயை வச்சிக்கிட்டுச் சும்மா இருக்கமாட்டியா?" என்றாள் கப்ஷா. பிறகு அவரிடம், "தம்பி, இவரு கதை சொன்னா இந்தத் தெருவுல பச்சைப்புள்ள கூட நம்பாது. அது வேற. ஆனா அந்தக் காலைப் பாருங்க. ஷாம்ல ரோமர் ஈட்டி பாய்ஞ்ச காலு. எங்க வாப்பா பக்கத்துல நின்னு வாங்கினது. எங்க வாப்பா அங்கேயே மவுத்தாயிட்டாரு. அந்தச் சேதியை நொண்டிக்கிட்டே வந்து எங்க உம்மாகிட்டச் சொன்னது இவருதான். நான் அப்ப இத்துணூண்டு. உம்மா முந்தானைக்குப் பின்னால நின்னு கேட்டேன்."

ஸிமாக்கின் கை நின்றது. என் காலைப் பார்த்தார். முதல் தடவையாக அந்த முகம் கொஞ்சம் இளகியது.

"அல்லாஹ்வோட பாதையில ரத்தம் சிந்தினவரை ஒரேயடியா ஒதுக்க எனக்கு மனசு வரல. ஒரு வருஷம் தவணை. அடுத்த ஹஜ்ஜுக்கு வருவேன். அதுவரைக்கும் விளையாட்டுக்குக் கூட ஒரு பொய் சொல்லலைன்னு இந்தத் தெரு சாட்சி சொன்னா, அந்தப் பேரை எழுதுறேன்."

அப்படித்தான் என் எழுபத்தெட்டாவது வயதில் நான் உண்மை பேச ஆரம்பித்தேன்.

அதனால் தெரு பட்ட பாட்டை நான் சொல்லக்கூடாது. முதல் வாரமே கடைத்தெருவில் எனக்குப் பக்கத்தில் உட்கார ஆளில்லை. "வெட்டுக்கிளி வந்த கதையைச் சொல்லு ஜுன்துப்" என்பார்கள். "வந்தது, தின்றது, போனது" என்பேன். போனதற்குக் காரணம் என் பெயருக்கு வெட்டுக்கிளி என்று அர்த்தம் இருப்பதும், அதில் மூத்தது ஒன்று அதற்கு மரியாதை கொடுத்ததும்தான். ஆனால் சாட்சி இல்லை. தலைப்பா புதுசாகக் கட்டி வந்தவர் "எப்படி இருக்கு?" என்றார். சொன்னேன். இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. கப்ஷா ஒருநாள் மறந்தாற்போல, "கஞ்சி எப்படி அண்ணே?" என்று கேட்டுவிட்டாள். மூன்று நாள் கஞ்சி வரவில்லை. நான்காம் நாள் வந்தது, அதே உப்போடு. கிண்ணத்தை வைத்துவிட்டு, "கேக்கமாட்டேன். சொல்லாதே" என்று போய்விட்டாள்.

மாலையில் மட்டும் வழக்கம்போல வடக்குக் கணவாய்க்குப் போவேன். ஷாமிலிருந்து வருகிற வணிகக் கூட்டமெல்லாம் அந்த வழியாகத்தான் ஊருக்குள் இறங்கும். எதற்குப் போகிறாய் என்று கேட்டால், முன்பெல்லாம் வருகிற ஒட்டகங்களிடம் தஹ்மாவின் உறவினர் நலம் விசாரிக்க என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது அப்படிச் சொல்ல முடியாது. "ஒருத்தி வரேன்னு சொன்னா" என்றேன். கேட்டவர் அதற்கு மேல் கேட்கவில்லை. உண்மைக்கு இப்படி ஒரு சௌகரியம் இருப்பது எனக்குத் தெரியாமல் போயிற்று.

உனைஸா குலம் என்று எதுவும் இல்லாதவள். செங்கடலுக்கு அப்பாலுள்ள ஹபஷாவிலிருந்து அடிமையாக வந்து, பின்பு விடுதலையானவள். என்னைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருக்கலாம். முதுகில் தோல் பையில் தண்ணீர், இடுப்பில் எலும்பு ஊசி, கையில் பழைய பாய் ஒன்று. பாயைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிழித்து எரித்து, அந்தச் சாம்பலைக் காயத்தில் வைத்து அழுத்துவாள். ரத்தம் நின்றுவிடும். நிற்காதவர்களிடம் உட்கார்ந்து, "உன் பேர் என்ன? உன் உம்மா பேர் என்ன? வீடு எங்க?" என்று கேட்பாள். கேட்டதை மூன்று தடவை திருப்பிச் சொல்வாள். "சரியா?" என்பாள். அவன் தலையாட்டிய பிறகுதான் அடுத்தவனிடம் போவாள்.

"எதுக்கு மூணு தடவை?" என்று நான் கேட்டேன்.

"தப்பா கொண்டுபோய்ச் சேர்த்தா அது வேற ஒருத்தனோட மவுத்தாயிரும். வீட்டுல காத்துக்கிட்டு இருக்கிறவங்களுக்கு அவங்க ஆளோட மவுத்துதான் வேணும், சும்மா ஒரு மவுத்து இல்ல" என்றாள்.

நாற்பத்தொரு பெயர் அவளிடம் சேர்ந்தது. எழுதத் தெரியாது. மாவு பிசையும்போதும் தண்ணீர் சுமக்கும்போதும் அதை வரிசையாகச் சொல்லிக்கொண்டே இருப்பாள். நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டே கிடப்பேன். என் பெயரும் அந்த வரிசையில் சேர்ந்தால் தினமும் அவள் வாயில் வரலாமே என்று ஒருநாள் தோன்றியது. பதினெட்டு வயதுக்காரனுக்கு அப்படித்தான் தோன்றும்.

போர் முடிந்து பிரிகிறபோது சொன்னாள்: "மதீனாக்காரங்க ஏழு பேர். அதை நீ எடுத்துக்க. மத்த முப்பத்து நாலையும் நான் வீடு வீடாப் போய்ச் சேர்த்துட்டு வர்றேன்."

"வந்து?"

"வந்து உன் கிணத்துத் தண்ணி எப்படி இருக்குன்னு பாக்குறேன். வடக்கு வழியில நில்லு."

ஏழு பெயரையும் கொண்டுவந்து சேர்த்தேன். மூன்று வருடத்தில் ஷாமில் கொள்ளைநோய் வந்தது. தோல் பையோடு வந்த ஒரு ஹபஷாப் பெண், ஒரு வீட்டு வாசலில் யாரோ ஒருவனின் பெயரைச் சொல்லிவிட்டு அங்கேயே படுத்துவிட்டாள் என்று ஒரு வணிகன் சொன்னான். அவன் ஒட்டகச் சந்தையில் பல்லைக் காட்டி வயதைக் குறைத்துச் சொல்கிற ஆள். அந்தச் சங்கிலியை நான் ஏற்கவில்லை. ஆகவே வடக்குக் கணவாய்க்குப் போய்க்கொண்டிருக்கிறேன்.

இனி அந்தக் கால் விஷயம்.

ரோமர் யாரும் என்னை ஈட்டியால் குத்தவில்லை. அவர்களில் ஒருவரோடும் எனக்கு அறிமுகமே கிடையாது. நான் படையில் தண்ணீர் ஒட்டகம் ஓட்டியவன். முகாமுக்குப் பின்னால், எதிரி கண்ணுக்கே தெரியாத இடத்தில், தஹ்மா என் தொடையைக் கடித்தது. அதன் சேணத்தை நான் சரியாகக் கட்டவில்லை. தப்பு என்மேல்தான். உனைஸா காயத்தைக் கழுவிவிட்டு, வரிசையாக இருந்த பல் தடத்தைப் பார்த்தாள். அந்தக் கூடாரத்தில் அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான். "எந்த நாட்டுப் படை இது?" என்றாள். யாரிடமும் சொல்லவில்லை.

ஊருக்கு வந்து நான் ஏறிய முதல் வாசல் கப்ஷாவின் வீடு. அவள் உம்மாவிடம் சொன்னேன்: உங்கள் வீட்டுக்காரர் தாகத்தோடு போகவில்லை, வாயில் தண்ணீர் இருந்தது, தலைக்குக் கீழே உனைஸா என்ற பெண்ணின் கை இருந்தது. அந்த அம்மாள் அழவில்லை. என் காலைப் பார்த்து, "நீயும் அவர் பக்கத்துலதான் நின்னியா, மகனே?" என்று கேட்டாள். அவர் களத்தில் காயம்பட்டு விழுந்தபோது என்னை ஒட்டகம் கடித்துக்கொண்டிருந்தது என்று அந்த முகத்திடம் எப்படிச் சொல்வது? தலையை ஆட்டினேன்.

வாயால் எத்தனை ஆயிரம் சொல்லியிருப்பேன். ஒன்றையும் யாரும் நம்பியதில்லை. வாயைத் திறக்காமல் ஒரு தடவை தலையாட்டியதை ஊரே நம்பிவிட்டது. பள்ளிவாசலில் முதல் வரிசையில் எனக்கு இடம் விட்டார்கள். அறுபது வருடம் அங்கேதான் நின்றேன்.

ஹஜ் முடிந்து ஸிமாக் வந்தார். மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு தெருவே என் வீட்டு வாசலில் கூடிவிட்டது. விசாரணை வேகமாக முடிந்தது.

"ஒரு பொய் கூடச் சொல்லல தம்பி" என்றாள் கப்ஷா. "சொல்லியிருந்தா நாங்க கொஞ்சம் நிம்மதியா இருந்திருப்போம்."

ஸிமாக் தோலை விரித்தார். பேனாவைத் தோய்த்தார். "சொல்லுங்க பெரியவரே. நாலாவது பொம்பளை பேர்?"

"உனைஸா. விடுதலையானவள். ஹபஷாக்காரி."

"நீங்க கண்ணால பார்த்தீங்களா?"

"பார்த்தேன். பதினொரு நாள்."

"கூடாரத்துக்குள்ள காயக்காரங்களைத் தவிர ஆம்பளைங்க யாரையும் விடமாட்டாங்க. நீங்க எப்படி உள்ள இருந்தீங்க?"

"காயம் பட்டுத்தான்."

"ஈட்டிக் காயம்" என்று அவரே சொல்லிக்கொண்டு குனிந்தார். கேள்வி கூட இல்லை. நான் தலையாட்டினால் போதும். என் தலைக்கு அது நன்றாகப் பழகிய வேலை. ஆட்டினால் அவள் பெயர் தோலில் ஏறிவிடும். கூஃபாவுக்கும் பஸராவுக்கும் போகும். நான் செத்த பிறகும் இருக்கும்.

சரியா, என்று என் காதுக்குள் கேட்டாள் உனைஸா. மூன்று தடவை சொல்லிவிட்டுக் கேட்பாளே, அதுபோல.

"ஒட்டகம் கடிச்சது தம்பி" என்றேன்.

தெருவில் நாலைந்து பேர் சிரித்துவிட்டார்கள். ஒரு வருடம் கழித்து என் பழைய குரல் வந்துவிட்டது என்று அவர்களுக்குச் சந்தோஷம். ஸிமாக் மட்டும் சிரிக்காமல் பார்த்தார். நான் உடுப்பை விலக்கித் தொடையைக் காட்டினேன். அறுபது வருடமானாலும் தஹ்மாவின் பல் வரிசை அழகாகத்தான் இருக்கும். சிரிப்பு ஒவ்வொன்றாக நின்றது.

"அப்போ ஈட்டி?"

"ஈட்டின்னு நான் வாயால சொன்னதில்ல. தலையை ஆட்டினேன். ஆட்டினதும் பொய்தான்."

ஸிமாக் பேனாவின் நுனியைத் துணியில் துடைத்தார். அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது.

"வேடிக்கைப் பொய்யைத் தவணை போட்டு மன்னிக்கலாம் பெரியவரே. இது ஊர் நம்பின பொய். இதை வச்சுக்கிட்டு உங்க வாயிலிருந்து நான் எதையும் எழுத முடியாது."

"தெரியும் தம்பி."

"தெரிஞ்சுமா சொன்னீங்க?"

"பொய்யோட அனுப்பினா அது வேற யாரோ ஒரு உனைஸாவாப் போயிரும். எனக்கு இவ பேருதான் போகணும்."

அப்போதுதான் கப்ஷாவைப் பார்த்தேன். நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணே" என்றாள். "எங்க வாப்பா வாயில தண்ணி இருந்துச்சுன்னு சொன்னியே. அது?"

இதை நான் யோசித்திருக்கவில்லை. ஒரு வருடம் முழுக்கத் திருப்பித் திருப்பி யோசித்தவன், இதை மட்டும் யோசிக்கவில்லை.

"அது நெசம், கப்ஷா."

"எப்படி நம்புறது?"

சாட்சி என்றால் வடக்கு வழியாகத்தான் வரவேண்டும். கப்ஷா திரும்பி வீட்டுக்குள் போய்விட்டாள். தெருவும் கலைந்தது.

ஸிமாக் மட்டும் பையைத் தோளில் மாட்டியபடி நின்றார். பிறகு பையை இறக்கிவிட்டு என் எதிரில் உட்கார்ந்தார்.

"எழுதுறதுக்கு இல்ல. சும்மா கேக்குறேன். அந்தம்மா எப்படி இருப்பாங்க?"

சொன்னேன். பாயை எரித்ததை, ஊசியை, நாற்பத்தொரு பெயரை, ஒரு தடவை சிரித்ததை. எதையும் நீட்டவில்லை. நீட்டாமல் சொன்னால் அவள் எவ்வளவு கொஞ்சமாக இருக்கிறாள் என்று எனக்கே அன்றுதான் தெரிந்தது. பதினொரு நாள்தானே. சொல்லி முடித்தபோது அவர் நான் வைத்திருந்த தட்டிலிருந்து ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"இனிமே மனசு சாஞ்சா பரவாயில்ல" என்றார்.

மறுநாள் காலை வாசலில் கிண்ணம் இருக்காது என்று நினைத்துத்தான் கதவைத் திறந்தேன். இருந்தது. ஆவி பறந்தது. எடுத்துக் குடித்தேன். உப்பு அப்படியே இருந்தது. அவள் வீட்டுப் பக்கம் பார்த்தேன். கப்ஷா முதுகைக் காட்டிக்கொண்டு முற்றம் பெருக்கினாள்.

"கஞ்சி நல்லாருக்கு" என்று சத்தமாகச் சொன்னேன்.

"பொய் சொல்லாதே அண்ணே" என்றாள், திரும்பாமல்.

பள்ளிவாசலில் இப்போது மூன்றாவது வரிசையில் நிற்கிறேன். அங்கே காற்று நன்றாக வருகிறது. கடைத்தெருவில் மறுபடி உட்கார ஆரம்பித்துவிட்டேன். நிழலைத் தைக்க முயன்ற தையற்காரனைப் பற்றிப் போன மாதம்தான் எனக்கு ஞாபகம் வந்தது.

அதற்கடுத்த ஹஜ்ஜுக்கு ஸிமாக் வரவில்லை. அவருக்கு உடம்பு முடியவில்லையாம். அவரிடம் பாடம் கேட்கிற கூஃபாக்காரர் ஒருவர், தாடி நரைக்கத் தொடங்கியவர், என்னைத் தேடிக்கொண்டு வந்தார்.

"ஒட்டகம் கடிச்சவர் நீங்கதானா?" என்றார் ஸலாம் சொன்ன கையோடு.

"அப்படித்தான் கூஃபாவுல பேரா?"

"எங்க உஸ்தாத் பாடம் முடிஞ்சதும் துஆ கேப்பார். பேர் சொல்லிச் சொல்லிக் கேப்பார். கடைசியா, 'யா அல்லாஹ், உன் அடிமை உனைஸாவுக்கும்' அப்படின்னு முடிப்பார். நாங்க ஆமீன் சொல்லுவோம். அது யாருன்னு கேட்டா, 'எழுதிக்காதீங்க. எனக்குச் சாட்சி கிடையாது. மதீனாவுல ஒட்டகம் கடிச்ச ஒரு கிழவர் சொன்னார்' அப்படிம்பார்."

"நீங்க எழுதலையே?"

"எழுதல. நாங்க நாப்பது பேர். எல்லாருக்கும் மனப்பாடம்."

"இன்னொரு தடவை சொல்லுங்க" என்றேன்.

"எதை?"

"பேரை."

சொன்னார். இன்னொரு தடவை என்றேன். சொன்னார். மூன்றாவது தடவை நான் கேட்காமலே சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

தலையை ஆட்டினேன்.

அவருக்கு ஊர்க் கிணற்றுத் தண்ணீர் மொண்டு கொடுத்தேன். எப்படி இருக்கிறது என்று கேட்டேன். குளிர்ச்சியாக இருக்கிறது என்றார். அஸருக்குப் பிறகு ஷாமிலிருந்து ஒரு கூட்டம் இறங்குவதாகக் கடைத்தெருவில் பேசிக்கொண்டார்கள். நேரமாகிவிட்டது என்று சொல்லிக் கோலை எடுத்துக்கொண்டு வடக்குப் பக்கம் கிளம்பினேன்.